வார்ஃபரின் எடுப்பவர் வீட்டில் நடக்கும் தவறுகள்

அம்மாவுக்கு இதயத்தின் மைட்ரல் வால்வை மாற்றி மெக்கானிக்கல் என்னும் செயற்கை வால்வு வைத்து ஒன்பது வருடமாகிறது. அதில் ரத்தம் கட்டாமலிருக்கத்தான் வார்ஃபரின் மாத்திரை. அன்றிலிருந்து கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் வீட்டிலிருந்து அவரை ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போவது என் பொறுப்பு. ரத்தம் எடுத்துவிட்டு எண் வரும்வரை உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்களோடு பேசிப் பேசியே பாதி விஷயம் கற்றுக்கொண்டேன். மீதியை அம்மாவின் ரத்தம் கற்றுக்கொடுத்தது.

வார்ஃபரின் ரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை. ரத்தம் உறையத் தேவையான சில புரதங்களைக் கல்லீரல் வைட்டமின் கே கொண்டு செய்கிறது. அந்த வேலையை இந்த மாத்திரை மட்டுப்படுத்துகிறது. எவ்வளவு மட்டுப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டும் எண்தான் ஐ.என்.ஆர். மருந்து எடுக்காதவருக்கு அது 1 பக்கம் இருக்கும். இதயத்துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கும் காலில் ரத்தக்கட்டி வந்தவர்களுக்கும் பெரும்பாலும் 2 முதல் 3 வரை வைப்பார்கள். அம்மாவைப் போல மைட்ரல் இடத்தில் மெக்கானிக்கல் வால்வு உள்ளவர்களுக்கு 2.5 முதல் 3.5. கீழே போனால் வால்வில் கட்டி பிடித்துப் பக்கவாதம் வரலாம், மேலே போனால் உள்ளே ரத்தம் கசியலாம். அதனால் அடுத்தவருடைய எண்ணோடு நம் எண்ணை ஒப்பிட்டுப் பயப்படவோ நிம்மதியடையவோ கூடாது. உங்கள் எல்லை என்ன என்று கேட்டு, கிளினிக்கில் அளவு எழுதித் தரும் வார்ஃபரின் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.

நான் பார்த்ததில் மிகப் பெரிய தவறு, மறந்த மாத்திரையை மறைப்பது. எங்கள் வீட்டிலும் நடந்தது. ஒரு முறை அம்மாவுக்கு 1.7 வந்தது. மருந்தாளர் பொறுமையாகத்தான் கேட்டார், "மாத்திரை ஏதாவது விட்டுப்போச்சா அம்மா?" அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இல்லய்யா, எல்லாம் ஒழுங்கா சாப்பிட்டேன்" என்றார். திட்டுவார்களோ என்ற பயம். அவர் அதை நம்பி அளவைக் கூட்டினார். வீட்டுக்கு வந்து மாத்திரையை எண்ணிப் பார்த்தால் மூன்று நாள் மாத்திரை அப்படியே மீதி இருந்தது. அப்போதே கிளினிக்குக்கு போன் பண்ணிச் சொல்லியிருக்க வேண்டும். நான் செய்யவில்லை. 'இனிமேல் நானே பார்த்துக் கொடுக்கிறேன்' என்று கூட்டிய அளவைத் தவறாமல் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் ஈறில் ரத்தம் கசிந்தது. எண் 5.1. மருந்தில் குறையில்லை, அளவு சொன்னவரிடமும் குறையில்லை. நாங்கள் கொடுத்த தகவல்தான் பொய். மறந்தது எத்தனை நாள், எந்தெந்த நாள் என்று சொன்னால் அவர்கள் அளவை மாற்றாமலே விடக்கூடும்.

இப்போது தினக்காலண்டர் தாளைக் கிழிக்கும் முன் அதில் பென்சிலால் ஒரு கோடு போடுகிறோம். கோடு இருந்தால் மாத்திரை உள்ளே போயிருக்கிறது.

மறந்தது அன்றைக்கே நினைவுக்கு வந்தால் எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் நினைவுக்கு வந்தால் அதை விட்டுவிட வேண்டும், சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது. வார்ஃபரினின் வேகம் மிக மெதுவானது. இன்று கூட்டினாலும் குறைத்தாலும் அதன் முழு விளைவு தெரிய ஏறக்குறைய ஒரு வாரமாகும். மாலையில் சாப்பிடச் சொல்வதற்கும் காரணம் உண்டு. காலையில் ரத்தம் பார்த்து அளவை மாற்றினால் அன்று மாலையே புது அளவைத் தொடங்கிவிடலாம்.

அளவு குழம்புவது இன்னொன்று. திங்கள் முதல் வெள்ளி வரை 3 மில்லிகிராம், சனி ஞாயிறு 4 மில்லிகிராம் என்று எழுதியிருப்பார்கள். புத்தகத்தில் கிழமைகள் இஸ்னின் (திங்கள்), செலாசா (செவ்வாய்) என்று மலாயில் இருக்கும், வயதானவர்கள் தடுமாறுவார்கள். 'நீல மாத்திரை ஒன்று' என்று நிறத்தை வைத்து நினைவு வைக்கவும் வேண்டாம், கம்பெனி மாறினால் நிறமும் மாறலாம். மில்லிகிராமைச் சொல்லிப் பழகுங்கள்.

அப்புறம் கீரை. 'வார்ஃபரின் சாப்பிட்டால் கீரையைத் தொடக் கூடாது' என்று யார் கிளப்பினார்களோ, எல்லா வீட்டிலும் அதே பேச்சு. கங்கோங் கீரை, சாவிக் கீரை, முருங்கைக்கீரை எல்லாவற்றிலும் வைட்டமின் கே இருக்கிறது, உண்மைதான். ஆனால் அளவு வைப்பதே நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் சாப்பாட்டை வைத்துத்தான். வாரம் மூன்று நாள் கீரை என்றால் அந்த மூன்று நாள் அப்படியே தொடரட்டும். ஒரு மாதம் அடியோடு நிறுத்திவிட்டு அடுத்த மாதம் தினமும் சாப்பிடுவதுதான் எண்ணை மேலும் கீழும் இழுக்கிறது. தைப்பூசத்துக்கு விரதம் இருப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். மச்சத்தை விட்டுவிட்டு மரக்கறிக்கு மாறும்போது கீரை கூடலாம், ஒருவேளை மட்டும் சாப்பிடும்போது மொத்த உணவே குறையலாம். விரதம் தொடங்கும் முன்பே சொல்லிவிட்டால் நடுவில் ஒரு முறை ரத்தம் பார்க்க நாள் கொடுப்பார்கள். பத்துமலையிலோ பினாங்கு தண்ணீர்மலையிலோ அலகு குத்த நேர்ந்துகொண்டவர்கள், தயவுசெய்து மருத்துவரிடம் பேசாமல் குத்திக்கொள்ளாதீர்கள். நேர்த்திக்கடனைப் பால்குடமாகவும் செலுத்தலாம்.

வலி மாத்திரையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். போன்ஸ்டான், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கும், வார்ஃபரினோடு சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. பரசிட்டமால்தான் பாதுகாப்பானது, ஆனால் அதையும் நாள் கணக்கில் தொடர்ந்து போட்டால் ஐ.என்.ஆர். ஏறும். பலருக்குத் தெரியாதது தைலம். மெத்தில் சாலிசிலேட் உள்ள தைலத்தைத் தினமும் முட்டியில் நிறையத் தேய்த்தால் அது தோல் வழியாக ரத்தத்தில் கலந்து எண்ணை ஏற்றிவிடும். வாய்ப்புண்ணுக்குப் பூசும் மைகோனசோல் ஜெல்லும் அப்படித்தான். சீன மருந்துக் கடை டாங் குவாய் ஏற்றும், ஜின்செங் இறக்கும். மெட்ரோனிடசோல், கோ-டிரைமாக்சசோல் போன்ற ஆன்டிபயாடிக் எடுக்க நேர்ந்தால் சில நாளிலேயே ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் உட்கார்ந்தவுடன் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை 'வார்ஃபரின்'.

பல் பிடுங்க வேண்டும் என்று தாங்களாகவே ஒரு வாரம் மாத்திரையை நிறுத்துகிறவர்களும் உண்டு. வால்வு வைத்தவருக்கு அந்த ஒரு வாரம் போதும், கட்டி பிடிக்க. நிறுத்துவதா வேண்டாமா என்பதை உங்கள் மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். 'ரத்தம் பார்க்கவே தேவையில்லாத புது மாத்திரை இருக்கிறதாமே' என்று ரிவரோக்சபானைக் கேட்டு வாங்கவும் கூடாது. மெக்கானிக்கல் வால்வுக்கு அது உதவாது.

மலம் தார்போலக் கறுத்தால், சிறுநீர் சிவந்தால், வழக்கமில்லாத கடும் தலைவலி வந்தால், கீழே விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயமே இல்லாவிட்டாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஒரு பக்கம் கைகால் விழுந்தாலோ வாய் கோணினாலோ உடனே 999. காய்ச்சல் வந்து டெங்கி என்று சந்தேகம் இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும் நேரத்தில் வார்ஃபரினும் சேர்ந்தால் ரத்தம் நிற்காது. போகும்போது வார்ஃபரின் புத்தகத்தையும் மீதி மாத்திரையையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அம்மாவின் புத்தகம் அடையாள அட்டையோடு ஒரே உறையில் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.