சோடா நுரைக்காமல் ஊற்ற

சனசமூக நிலைய விழாவில் சோடா ஊற்ற நிற்கிறீர்களா? கப்பை நேராக வைக்காமல் பாதியளவு சரித்து, உள்சுவரோடு வழியவிட்டு ஊற்றுங்கள். முக்கால் நிரம்பியதும் நிமிர்த்துங்கள், சரி. நேராக விழும் சோடா அடியில் மோதி, கரைந்திருக்கும் வாயுவை ஒரேயடியாக நுரையாகக் கிளப்பும். அந்த நுரை அடங்கப் பார்த்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் அடுத்த பிள்ளைக்கு ஒரு கப் ஊற்றிக் கொடுத்துவிடலாம். மேசையில் வழிந்து வீணாவதும் குறையும்.

போத்தல் முதலே ஐசில் கிடக்க வேண்டும். யாழ்ப்பாண வெயிலில் காய்ந்த சோடாவை எப்படிச் சரித்தாலும் பொங்கும், சூட்டில் வாயு தங்காது. குலுங்கி வந்த போத்தலும் அப்படித்தான். மோர், சர்பத்துக்கு இந்தச் சரிவு தேவையே இல்லை. பியருக்கும் இதே சரிவுதான், ஆனால் கடைசியில் நிமிர்த்தி ஒரு விரலளவு நுரை விட வேண்டும்; வாசனையை மேலே கொண்டுவருவது அந்த நுரை.