சர்வீஸ் சென்டர் நீட்டிய பட்டியல்

வழக்கமான ஆயில் மாற்றத்துக்குத்தான் காரை விட்டிருந்தேன். டீலரின் சர்வீஸ் அட்வைசர் போனில் ஒரு பட்டியலே வாசித்தார்: முன் பிரேக் பேட், இன்ஜின் ஃப்ளஷ் (இன்ஜினின் உட்புறத்தைக் கழுவுவது), இன்ஜெக்டர் கிளீனிங் (எரிபொருளைப் பீய்ச்சும் முனைகளைச் சுத்தம் செய்வது), பிரேக் ஆயில். எல்லாமே உடனே செய்தாக வேண்டுமாம். ஆயிலை மட்டும் மாற்றுங்கள், மீதிக்கு நேரில் வருகிறேன் என்றேன்.

போனதும் பேடைக் காட்டச் சொன்னேன். சக்கரத்தைக் கழற்றி அளந்தார்கள், 6 மி.மீ. இருந்தது. புதுப் பேடே பெரும்பாலும் 10-12 மி.மீ.தான், 3 மி.மீ.க்குத் தேய்ந்தால் மாற்றியாக வேண்டும். "அடுத்த சர்வீஸில் பார்த்துக்கலாம் சார்" என்று அவரே இறங்கி வந்தார்.

அப்புறம் காரோடு வந்த கையேட்டில் பராமரிப்பு அட்டவணையைப் பிரித்தேன். ஃப்ளஷும் இன்ஜெக்டர் கிளீனிங்கும் அதில் எங்குமே இல்லை. வண்டியின் இழுவையிலும் குறையில்லை, எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. இரண்டும் வேண்டாம் என்றுவிட்டேன். (லாபம் அதிகமுள்ள வேலைகள் இவைதானோ என்று எனக்கொரு சந்தேகம்.)

பிரேக் ஆயில் விஷயத்தில் மட்டும் அவர் சொன்னது சரி. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கொதிநிலை இறங்கிவிடும். 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிக் கையேட்டிலும் இருந்தது. மாற்றச் சொன்னேன்.

இப்போதெல்லாம் வண்டியை விடும்போது வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டிலேயே, கழற்றிய பாகங்களைத் திருப்பித் தரவேண்டும் என்று எழுதவைத்துவிடுகிறேன். அதிலிருந்து போனில் வரும் பட்டியல் கொஞ்சம் குட்டையாகத்தான் இருக்கிறது.