ஒரே கரடு, ஒரே கோணம்: புல்வெளியை ஆண்டுக்கணக்கில் படமெடுக்கும் முறை

தருமபுரி மாவட்டத்தில் பாப்பாரப்பட்டிப் பக்கமோ கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பர்கூர்ப் பக்கமோ வண்டியில் போனால் சாலையோரம் கரடுகள் வந்துகொண்டே இருக்கும். பாறை, இடுக்கெல்லாம் புல், நாலு உசில் மரம், தூரத்தில் ஒரு ஆட்டு மந்தை. வருவாய்க் கணக்கில் கல்லாங்குத்து, மேய்க்கால் புறம்போக்கு, தரிசு என்று எழுதியிருப்பார்கள். கேமராவோடு முதல் நாள் போனால் எடுக்க ஒன்றுமே இல்லாததுபோலத் தோன்றும். ஒகேனக்கல்லில் முதல் நாளே படம் கிடைத்துவிடும். புல்வெளி அப்படிச் சட்டென்று கொடுக்காது. அதே இடத்துக்கு மாதாமாதம், வருடக்கணக்கில் போனால்தான் படம் சேரும்.

அமெரிக்காவின் பிரெய்ரிப் புல்வெளியும் இப்படிப்பட்ட நிலம்தான். உயர்புல் பிரெய்ரி ஒரு காலத்தில் ஏறக்குறைய 17 கோடி ஏக்கர் பரந்திருந்தது. இன்று 4 சதவீதம்கூட மிச்சமில்லை. மிஞ்சியதில் பெரும்பகுதி கான்சாஸ் மாநிலத்தின் ஃபிளின்ட் ஹில்ஸ் குன்றுகளில் இருக்கிறது. அங்கே சுண்ணாம்புப் பாறையும் சிக்கிமுக்கிக் கல்லும் மேலாகவே கிடந்ததால் ஏர் இறங்கவில்லை. நம் கரடுகளில் புல் தப்பியதற்கும் அதே பாறைதான் காரணம். 1978இல் கான்சாஸ் பிரெய்ரியைப் படமெடுக்கத் தொடங்கிய புகைப்படக் கலைஞர் டெர்ரி எவன்ஸ் முதலில் தன் காலடித் தரையை நேர் கீழாகப் பார்த்து எடுத்தார். பிறகு ஆகாயத்திலிருந்து எடுத்தார். அருங்காட்சியகத்தில் காய்ந்து கிடந்த செடி மாதிரிகளையும் எடுத்தார். ஒரே நிலத்தைத் தூரம், தரை, தனிச்செடி என மூன்று அளவில் பார்ப்பதை நாமும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இடம்

வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் போய்ச் சேரும் கரடாகத் தேர்ந்தெடுங்கள். அழகான இடம் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருந்தால் ஆறாவது மாதம் போக்கு நின்றுவிடும். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம்; ஊர்ப் புறம்போக்கே போதும். தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் என்றால் ஐப்பசி தொடங்கி கேழ்வரகு அறுப்பு முடியும்வரை யானை நடமாட்டம் இருக்கும். அந்த மாதங்களில் இருட்டோடு கிளம்பாதீர்கள். முதல் நாள் மாலையே ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டு, நன்றாக விடிந்த பிறகு போங்கள்.

கேமரா வடக்கு நோக்கி இருப்பது நல்லது. கிழக்கு நோக்கினால் ஆனியில் வடகிழக்கிலும் மார்கழியில் தென்கிழக்கிலும் உதிக்கும் சூரியன் ஏதோ ஒரு மாதம் சட்டகத்துக்குள்ளேயே வந்துவிடும். வடக்கு நோக்கினால் காலை வெயில் வருடம் முழுக்க வலப்பக்கமிருந்து சாய்ந்து விழும்; புல்லின் ஒவ்வொரு குத்தும் தனித்தனியாகத் தெரியும். நண்பகலில் எடுக்க நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: நம் மாவட்டங்களில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிவெயில் வடக்குப் பக்கமிருந்து வரும். மற்ற மாதப் படங்களோடு அது ஒட்டாது. கடிகார நேரத்தைப் பிடித்துக்கொள்ளாமல், சூரியன் உதித்து ஒன்றரை மணி நேரம் கழித்து என்று வைத்துக்கொண்டால் வெயிலின் உயரம் மாதாமாதம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்.

புள்ளியை அடையாளம் வைப்பது

பலர் தவறுவது இங்கேதான். போனில் ஜிபிஎஸ் குறித்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். ஜிபிஎஸ் நாலைந்து மீட்டர் தள்ளிக் காட்டும். தூரத்து மலைக்கு அது பெரிதில்லை, கிட்டே இருக்கும் கல்லுக்குப் பெரிது. பத்து மீட்டரில் ஒரு பாறை இருக்கிறது, நீங்கள் ஒரு மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிட்டீர்கள் என்றால், 35 மி.மீ. லென்ஸில் அந்தப் பாறை பின்னணி மலையை விட்டுச் சட்டகத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு விலகிவிடும். மூன்று வருடம் கழித்து இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் எதுவும் பொருந்தாது.

அதனால் மண்ணில் நிற்காமல், தரையோடு தரையாக இருக்கும் தாய்ப்பாறையில் நில்லுங்கள். உளி படக் கூடாது. ஒரு ரூபாய் அளவுக்கு எனாமல் பெயிண்ட் பொட்டு போதும். பெயிண்ட் இரண்டு வருடத்தில் மங்கும், ஆகவே அசையாத இரண்டு பொருட்களிலிருந்து டேப் பிடித்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நடுகல் இருந்தால் அதைவிட நல்ல அடையாளம் இல்லை. அதன்மேல் பொட்டு மட்டும் வைத்துவிடாதீர்கள். ஆநிரை மீட்கப் போய் மாண்ட வீரர்களுக்கு எடுத்த நடுகற்கள் தருமபுரிப் பகுதியில் நிறைய உண்டு. இது எவ்வளவு காலமாக மேய்ச்சல் பூமி என்பதற்கு அந்தக் கற்களே சாட்சி.

லென்ஸின் உயரம் எப்போதும் 1.4 மீட்டர். ட்ரைபாடின் நடுக்கம்பியிலிருந்து ஒரு நூலில் நட்டு கட்டித் தொங்கவிடுங்கள். நட்டு பொட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். முதல் படத்தைச் சின்னதாக அச்சிட்டு உடன் கொண்டுபோங்கள். கிட்டே ஒரு கல்லின் விளிம்பும் தூரத்து மலையின் ஒரு மடிப்பும் அச்சில் எப்படிச் சேர்ந்திருக்கின்றனவோ, திரையிலும் அப்படியே சேரும்வரை நகர்த்துங்கள்.

கேமரா

ஒரு லென்ஸ், கடைசிவரை அதே லென்ஸ். 18-55 ஜூம்தான் இருக்கிறது என்றால் 18 முனையிலேயே வையுங்கள். நடுவில் நிறுத்தினால் அடுத்த மாதம் அதே இடத்தில் நிறுத்த முடியாது. போன் என்றால் 1x மட்டும். முழுச்சட்டக (ஃபுல் ஃப்ரேம்) கேமராவில் 35 மி.மீ., எஃப்/11 வைத்து நாலு மீட்டரில் ஃபோகஸ் செய்தால் இரண்டு மீட்டர் முதல் அடிவானம் வரை தெளிவு கிடைக்கும்.

ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். மாசியில் கரடு முழுக்க வைக்கோல் நிறம். ஆட்டோ அந்த மஞ்சளைப் பிழை என்று எண்ணி நீலத்தைக் கூட்டும், புல் செத்த சாம்பல் நிறமாகிவிடும். 5200 கெல்வினில் பூட்டி, RAW கோப்பாக எடுங்கள். பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரும் வேண்டாம், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவில் திரும்பும், புல்லின் பளபளப்பும் அதோடு மாறும். ஆடிக்காற்றில் 1/60 ஷட்டர் வேகத்தில் எடுத்தால் புல்வெளி பஞ்சுபோலக் கலங்கிவிடும். ஐஎஸ்ஓ 400க்கோ 800க்கோ ஏற்றி 1/250க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரைப்படத்துக்கு ஒரு மீட்டர் சதுரம். நாலு ஆணி, நாலு மீட்டர் நூல், ஒரு மூலையில் ஸ்கேல். போனை 1.3 மீட்டர் உயரத்தில் தரைக்கு இணையாகப் பிடித்தால் சதுரம் முழுக்க அடங்கும். மேகமூட்டத்தில் எடுங்கள், இல்லையென்றால் குடையால் நிழல் கொடுங்கள். பாதி வெயில் பாதி நிழலில் எந்தப் புல் எது என்று பிரிக்க முடியாது. எடுத்ததும் ஆணியைப் பிடுங்கிவிடுங்கள், ஆடு மாட்டின் காலில் ஏறிவிடும்.

புல்லை அறிவது

பெயர் தெரியாமல் எடுத்துக்கொண்டே போனால் எல்லாம் பச்சை, எல்லாம் மஞ்சள் என்றுதான் தெரியும். ஒரு புல்லுக்கு நாலு படம் வேண்டும்: முழுக் குத்து, அடிப்பகுதி, கதிர், இலையும் தண்டும் சேரும் மூட்டு. அந்த மூட்டில் சவ்வு இருக்கிறதா, மயிர் வரிசை இருக்கிறதா என்பதை வைத்தே பல புல்லைப் பிரிக்கலாம். படங்களை ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். அதற்கு முன் ஆடு மேய்க்கும் பெரியவரிடம், "ஐயா, இதுல ஆடு எதை மொதல்ல கடிக்கும்?" என்று கேளுங்கள். கொழுக்கட்டைப்புல் எந்த மூலையில் மிஞ்சியிருக்கிறது என்று அவர் கை காட்டுவார். ஓசூர்ப் பக்கம் ஒரே புல்லுக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பெயர் வரும், மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் பழக ஊசிப்புல் நல்லது. மழைக்காலம் முடிந்து காய்ந்ததும் அதன் கதிர்களின் கரிய வால்கள் ஒன்றோடொன்று முறுக்கிக் கயிறுபோலத் தொங்கும். ஒரு விதையைப் பிரித்து வெள்ளைத் தாளில் வைத்து, வாலின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சற்று நேரத்தில் முறுக்கு அவிழ்ந்து, வாலின் நுனி கடிகார முள்போலச் சுற்றத் தொடங்கும். ஈரத்தில் அவிழ்ந்து, காய்ந்ததும் திரும்ப முறுக்கி, இப்படித்தான் விதை தன்னை மண்ணுக்குள் திருகிக்கொள்கிறது. மேக்ரோ லென்ஸ் இருந்தால் பத்து நொடிக்கு ஒரு படமாக எடுங்கள். இதே விதைதான் பருத்தி சாக்ஸில் ஏறிக் காலைக் குத்தும், பையின் ஜிப்பில் சிக்கும். வழவழப்பான துணி உடுத்திப் போங்கள்.

பங்குனி, சித்திரையில் திறந்த தரையில் மஞ்சள்மூக்கு ஆள்காட்டி முட்டையிடும். முட்டை கூழாங்கல் நிறம், காலடியில் இருந்தாலும் தெரியாது. பறவை தலைக்குமேல் கத்திச் சுற்றினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். தாய் எழுந்துபோன முட்டை அந்த வெயிலில் சீக்கிரம் வெந்துவிடும். அந்த மாதப் படம் விடுபட்டால் விடுபடட்டும்.

கோடையில் யாராவது தீ வைத்துவிட்டால் மறுநாளே போய்க் கரிந்த தரையை எடுங்கள், கோடை மழை விழுந்த பத்தாம் நாள் மறுபடி எடுங்கள். புல்லின் குருத்து மண்ணை ஒட்டியே இருப்பதால் அடியிலிருந்து துளிர்க்கும். படத்துக்காக ஒருபோதும் தீ வைக்காதீர்கள். சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் எந்த ஓரத்திலிருந்து உள்ளே வருகின்றன என்பது மூன்றாம் நான்காம் வருடப் படங்களில் தெரியவரும். குவாரிச் சாலையோ மனைப்பிரிவுக் கல்லோ சட்டகத்துக்குள் வந்தால் ஒதுக்காமல் எடுங்கள், அதுவும் அந்த நிலத்தின் வரலாறுதான்.

ஒவ்வொரு முறையும் நோட்டில் ஐந்து விவரம்: தேதி, நேரம், கடைசி மழை பெய்து எத்தனை நாள், காற்று, பூத்திருப்பவை. கோப்புப் பெயரைத் தேதியில் தொடங்குங்கள். இரண்டு ஹார்டு டிஸ்க், இரண்டும் வேறு வேறு வீட்டில். தை மாதம் பன்னிரண்டு படங்களையும் ஒரே தாளில் அச்சிட்டு, பின்பக்கம் பென்சிலால் பொட்டு இருக்கும் இடம், இரண்டு டேப் அளவுகள், திசை, லென்ஸ், உயரம் எல்லாம் எழுதுங்கள். அதில் ஒரு பிரதியை உங்களைவிட இருபது வயது இளையவர் ஒருவரிடம் கொடுத்து, ஒருமுறை அந்தப் பாறைக்கே கூட்டிப்போய், அவர் கையாலேயே நட்டைத் தொங்கவிட்டு ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள்.