சூரிய நியூட்ரானைக் கணினியில் தரையிறக்குவது எப்படி

சூரியனில் சுடர்வெடிப்பு நேரும்போது கிளம்பும் நியூட்ரான்கள் பூமியில் உள்ள கருவியில் எப்படிப் பதிவாகும் என்று கணினியில் பாவனை செய்ய வேண்டுமா? சூரியனிலிருந்து கருவிக்குழாய் வரை எல்லாவற்றையும் ஒரே ஜியான்ட்4 (துகள்கள் பொருளுக்குள் செல்வதைப் பாவனை செய்யும் மென்பொருள்) நிரலுக்குள் திணிக்கப் பார்க்காதீர்கள். நான் எப்போதும் மூன்றாகப் பிரித்துவிடுவேன்: விண்வெளி, காற்று, கருவி.

விண்வெளிக்குப் பைத்தானில் சில வரிகள் போதும். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை, காந்தப்புலத்தில் வளையாமல் நேராக வரும். ஆனால் சராசரியாக 880 நொடியில் சிதைந்துவிடும். ஆகவே ஒவ்வோர் ஆற்றலுக்கும் வந்துசேரும் நேரத்தையும் பிழைக்கும் வாய்ப்பையும் கணக்கிடுங்கள். 100 எம்இவி (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட், ஆற்றலின் அலகு) நியூட்ரான் ஒளியைவிட ஏறக்குறைய 11 நிமிடம் பிந்தி வரும். நூற்றுக்கு 30 பிழைக்கும். 27 என்று வந்தால், ஆயுளைச் சார்பியல் காரணியால் (வேகமாகப் போகும் துகளின் ஆயுள் நமக்கு எத்தனை மடங்கு நீண்டு தெரியும் என்ற எண்) பெருக்காமல் விட்டிருப்பீர்கள். 10 எம்இவிக்கு நூற்றுக்கு வெறும் 2 தான். அதற்காகச் சிதையும் நியூட்ரான்களைக் கணக்கிலிருந்து தூக்கி எறிய வேண்டாம்; எல்லா நியூட்ரானையும் வைத்துக்கொண்டு, பிழைக்கும் வாய்ப்பை எடையாகக் கொடுங்கள். ஓட்டிய நியூட்ரான் எதுவும் வீணாகாது.

அடுத்தது காற்று. கணினி நேரத்தை விழுங்குவது இதுதான். பொலிவியாவின் சாகால்தாயா நிலையம் 5,250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் தலைக்கு மேல் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 540 கிராம் காற்று. கடல்மட்டத்தில் 1,030. சூரியன் சாயச் சாய இது இன்னும் கூடும். காற்றை உயரப்படி அடுக்காமல் நிறைப்படி சம அடுக்குகளாக வெட்டுங்கள். 20 எம்இவிக்குக் கீழே துல்லியமான நியூட்ரான் தரவைப் பயன்படுத்தும், எச்பி (HP) என்று பெயர் முடியும் இயற்பியல் பட்டியலை (எந்தெந்த வினைகளை எப்படிக் கணக்கிடுவது என்று சொல்லும் ஜியான்ட்4 தொகுப்பு) தேர்ந்தெடுங்கள். ஒவ்வோர் ஆற்றலுக்கும் ஒவ்வொரு சூரியக் கோணத்துக்கும் ஒருமுறை ஓடவிட்டு, விடையை அட்டவணையாகச் சேமித்துக்கொண்டால் சரி, மறுபடி தொட வேண்டியதில்லை.

கருவிக்கும் அப்படியே ஓர் அட்டவணை. என்எம்64 என்ற வகை நியூட்ரான் மானியில் (நியூட்ரானை எண்ணும் கருவி) ஈயம், பாலிஎத்திலீன், போரான் ட்ரைபுளூரைடு குழாய். இது எண்ணும், அவ்வளவுதான், ஆற்றலைச் சொல்லாது. வந்த நேரத்தை வைத்துத்தான் ஆற்றலை ஊகிக்கிறோம். சிக்கலும் அங்கேதான்: பிந்தி வந்தது மெதுவான நியூட்ரானா, சூரியனிலிருந்தே பிந்திக் கிளம்பியதா?

அதனால் சூரியனிலிருந்து நியூட்ரான் கிளம்பும் நேரத்தை இரண்டு விதமாக வைத்து ஓட்டுங்கள். ஒன்று, எல்லாம் ஒரே கணத்தில். இன்னொன்று, அந்தச் சுடர்வெடிப்பின் காமா கதிர் நேரப்போக்கில் ஏறி இறங்கும் வரைபடத்தைப் போல நீண்டு. அப்புறம் அண்டக்கதிர்ப் பின்னணியைப் பாய்சான் சிதறலோடு (எண்ணிக்கையில் தற்செயலாக வரும் ஏற்ற இறக்கம்) சேர்த்து, நிமிட வாரியாக வரையுங்கள். ஒப்பிட, 2005 செப்டம்பர் 7 சுடர்வெடிப்பின்போது சாகால்தாயாவில் கிடைத்த நியூட்ரான் பதிவு நல்ல சோதனை. அதன் நீண்ட வாலுக்கு (மெல்ல அடங்கும் பின்பகுதி) எல்லாம் ஒரே கணத்தில் கிளம்பின என்ற கணக்கு போதவே போதாது.