பிலிப்பைன்ஸ் முஸ்லிம், பழங்குடி வாய்ப்பாட்டு: கேட்பவரும் எழுதுபவரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிலிப்பைன்ஸின் பாடல் மரபைத் தேடிப் போகிறவர்களுக்கு முதலில் கிடைப்பவை குண்டிமான், ஹரானா என்னும் காதல் பாட்டுகளே. ஸ்பானியச் செல்வாக்கில் தாழ்நிலக் கிறித்தவ மக்களிடையே வளர்ந்த அழகான வடிவங்கள் இவை. ஆனால் இவற்றையே நாடு முழுவதற்குமான மரபாகக் கொள்வதில்தான் முதல் தவறு தொடங்குகிறது. 1565 முதல் 1898 வரை நீடித்த ஸ்பானிய ஆட்சியால் வடக்கே கோர்டில்லேரா மலைகளையும், தெற்கே மிண்டனாவோ, சூலு சுல்தானகங்களையும் முழுமையாக அடக்க முடியவில்லை. அந்தப் பகுதிகளில் தொடர்ந்து வாழ்ந்த வாய்ப்பாட்டுக்கு வேறு இலக்கணம், வேறு நோக்கம், வேறு வேளை உண்டு.

இதற்கு எதிர்ப்புறத்திலும் ஒரு தவறு நிகழ்கிறது. தெற்கு முஸ்லிம்களை ‘மோரோ’ என்றும், மிண்டனாவோவின் முஸ்லிம் அல்லாத பழங்குடிகளை ‘லுமாத்’ என்றும், கோர்டில்லேரா மக்களை ‘இகோரோத்’ என்றும் அழைப்பது வழக்கம். இவை பல இனங்களைச் சேர்த்துக் குறிக்கும் பொதுப்பெயர்கள். ‘மோரோ பாட்டு’ என்று ஒரே வகைப் பாட்டு கிடையாது. மிண்டனாவோவின் மரனாவோ மக்கள் பாடும் பயோக்கும், சூலுத் தீவுகளின் தௌசுக் மக்கள் பாடும் சிந்திலும் வெவ்வேறு மொழிகளில், வெவ்வேறு முறைகளில் பாடப்படுபவை. எந்த மக்கள், எந்த ஊர், எந்த மொழி என்று சொல்லாமல் எழுதும் குறிப்பால் யாருக்கும் பயனில்லை.

மிகுந்த பொறுமையோடு திருத்திக்கொள்ள வேண்டிய தவறு, மெட்டை மட்டும் வைத்துப் பாட்டை மதிப்பிடுவது. லூசோன் தீவின் மலைகளில் நெல் விளைவிக்கும் இஃபுகாவோ மக்களின் ஹுத்ஹுத் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. விதைப்பிலும் அறுவடையிலும், இறந்தவரின் உடலைச் சுற்றி இரவில் விழித்திருக்கும்போதும் பாடப்படும் இந்த நெடும்பாட்டில் 200க்கும் மேற்பட்ட கதைகள் உண்டு; ஒவ்வொன்றும் 40 பகுதிகளாகப் பிரிந்திருப்பதால், ஒன்றை முழுமையாகப் பாடி முடிக்கவே பல நாட்கள் ஆகும். பெரும்பாலும் மூத்த பெண்களே இதைப் பாடுகிறார்கள். முன்பாடகி அடியின் தொடக்கத்தை எடுத்துக் கொடுக்க, சுற்றியுள்ள பெண்கள் அதைப் பற்றிக்கொண்டு கூட்டாகப் பாடி முடிக்கிறார்கள். அவர்கள் முடிக்கும் இடத்திலிருந்து அவர் அடுத்த அடியைத் தொடங்குகிறார். எல்லா அடிகளுக்கும் மெட்டு ஒன்றுதான். ஐந்து நிமிடப் பதிவைக் கேட்டுவிட்டு “சலிப்பூட்டுகிறது” என்று எழுதுகிறவர் இங்கேதான் தவறுகிறார். மெட்டு மாறாதிருப்பதால்தான் அலிகுயோன் போன்ற வீரர்களின் போரும் திருமணமும், முன்னோர் வகுத்த வழக்கச் சட்டமும், வயலோடு பிணைந்த நம்பிக்கைகளும் சொல்வழியே தெளிவாக வந்து சேர்கின்றன. உவமைகளும் ஒலிக்குறிப்புச் சொற்களும் அடுக்கடுக்காக வரும் அந்த மொழியைப் பொருள் அறிந்து கேட்பதே ஹுத்ஹுத்தைக் கேட்பது. யுனெஸ்கோ 2001ஆம் ஆண்டில் இதை மனிதகுலத்தின் அரும்பெரும் வாய்மொழிப் படைப்புகளில் ஒன்றாக அறிவித்தது. அந்தப் பட்டத்தை முதல் வரியில் போட்டுவிட்டு, பாட்டு எந்த வேளைக்கு உரியது என்பதை எழுதாமல் விடும் கட்டுரைகளைக் காணும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. வயலில் கதிர் அறுக்கும் கைகளிலிருந்து அதைப் பிரித்துவிட்டால், அது ஏன் அத்தனை நீளம் என்பதே விளங்காமல் போகும்.

சமயம் சார்ந்த தவறுகளில் கூடுதல் கவனம் தேவை. குர்ஆன் ஓதுதலையும், தொழுகைக்கான அழைப்பாகிய பாங்கையும் ‘முஸ்லிம் இசை’ என்ற தலைப்பின்கீழ் சேர்ப்பது முஸ்லிம்களுடைய பார்வைக்கு மாறானது: ஓதுவது வேறு, பாடுவது வேறு. தௌசுக் மக்களிடையே வாத்தியம் இன்றி நீட்டி இழைத்துப் பாடப்படும் லுகு, சமயச் சார்புள்ள நிகழ்வுகளுக்கு உரியது. பராங் சபில் என்னும் வீரக்கதைப் பாட்டுக்கோ கப்பாங் என்ற மூங்கில் கட்டைகளாலான கருவி துணை நிற்கிறது. ஆணும் பெண்ணும் எதிரெதிராகப் பாடும் சிந்திலிலும் அதே கருவி ஒலிக்கும். ஒரே ஊரில், ஒரே மக்களிடையே நிலவும் இந்த வேறுபாட்டைக் குழப்பி எழுதினால் அவர்களை ஆழமாகப் புண்படுத்திவிடுவோம். முஸ்லிம்கள் பாடுவதெல்லாம் அரபு நாட்டு வரவு என்று கொள்வதும் பிழையே. லானாவோ ஏரியைச் சுற்றி வாழும் மரனாவோ மக்களின் தரங்கென் காவியம் 17 பெரும் பகுதிகளும் 72,000 அடிகளும் கொண்டது. பந்துகன் என்னும் வீரனைப் போற்றும் அதன் கதையுலகம், அவர்கள் இஸ்லாத்தைத் தழுவியதற்கு முந்தைய காலத்தில் வேர் கொண்டது. திருமணக் கொண்டாட்டங்களில் பல இரவுகள் தொடர்ந்து அதைப் பாடுபவருக்கு நினைவாற்றலோடு குலமரபு அறிவும், அவையைக் கட்டிப்போடும் திறனும் வேண்டும்.

நம்மவர் இங்கே மற்றொரு அவசரத்துக்கு ஆளாகிறார்கள். மரனாவோ மொழியில் ‘மகாராதியா லவானா’ என்ற இராமாயணச் சாயல் கொண்ட கதை இருப்பது உண்மை; அறிஞர் ஹுவான் பிரான்சிஸ்கோ அதை வெளிக்கொணர்ந்தார். ஆனால் அது ஒரு தனிக் கதை. அதைப் பிடித்துக்கொண்டு தரங்கெனையும் மலைவாழ் மக்களின் பாட்டுகளையும் இந்தியாவிலிருந்து போனவை என்று முடிவு கட்டினால், அந்த மக்களே படைத்த கற்பனையை அவர்களிடமிருந்து பறித்ததாகும்.

இவையெல்லாம் எழுத்தறியாதவர்களின் பாட்டு என்ற எண்ணத்தைத் தகர்க்க மின்தோரோ தீவின் ஹனுனூ மங்கியான் மக்களே போதும். ஏழு அசை கொண்ட அடிகளில், ஈற்றெதுகையோடு, கருவித் துணையின்றி இசைத்துச் சொல்லப்படும் அம்பஹான் என்னும் பாடலை அவர்கள் தங்கள் சொந்த எழுத்தில், கத்தி முனையால் மூங்கிலில் செதுக்கி வைக்கிறார்கள். காதலிப்பவரும், விருந்தினரை வரவேற்பவரும், பிரிந்து செல்பவரும் நேராகச் சொல்லக் கூசுவதை அதில் உவமையாகச் சொல்லிவிடுவார்கள். இந்தக் கலையைக் காத்து வளர்த்த கினாவ் பிலோக், 1993இல் பிலிப்பைன்ஸ் அரசின் வாழும் கலைச்செல்வர் விருதைப் பெற்றார்.

குலிந்தாங் என்னும் வெண்கலக் குமிழ்மணி வரிசையின் கம்பீரத்தில் மயங்கி, பாடகரை அதன் துணையாள்போல எழுதுவதும் பரவலான பிழை. குரல் பெரும்பாலும் தனியாகவோ, மென்மையான நரம்புக் கருவி அல்லது மூங்கில் கருவியோடோதான் செல்கிறது.

கிதார் சேர்ந்துவிட்டால் மரபு கெட்டது என்று தீர்ப்பளிப்பவர்களும் உண்டு. மிண்டனாவோ தீவின் மற்றொரு முஸ்லிம் இனமான மகிண்டனாவோ மக்களிடையே கிதாரோடு பாடப்படும் தயுந்தாய் என்ற போட்டிப் பாட்டு, காலத்தால் பிந்தியது எனினும் அதன் சொற்போர் மரபு பழையது. கோர்டில்லேராவின் சலிதும்மாய் மெட்டுகளும் அப்படியே புதுப்புதுச் சொற்களை ஏற்று வாழ்கின்றன. பழையதை மட்டும் தேடிப் பதிவு செய்பவர், இன்றைய இளைஞர்கள் பாடுவதைக் கேளாமலே திரும்பிவிடுகிறார்.

பதிவுகளைக் கையாளும்போது நேரும் தவறுகள் சட்டத்தையும் தொடுகின்றன. இசையியலாளர் ஹோசே மசேதா பல பத்தாண்டுகள் அலைந்து சேர்த்த களப்பதிவுகள் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன; 2007இல் அவை யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. இத்தகைய தொகுப்பிலிருந்து ஒரு சடங்குப் பாட்டை வெட்டியெடுத்துத் திரைப்படப் பின்னணிக்கோ நடன இசைக்கோ பயன்படுத்துவது, ‘நாட்டுப்பாடல்தானே, யாருக்குச் சொந்தம்?’ என்ற எண்ணத்தில் நடக்கிறது. 1997ஆம் ஆண்டின் பழங்குடி மக்கள் உரிமைச் சட்டம் இந்தக் கேள்விக்கு விடை வைத்திருக்கிறது: முன்கூட்டியே விவரம் அறிவித்து, வற்புறுத்தலின்றிப் பெற்ற ஒப்புதல் இல்லாமல் எடுக்கப்பட்ட பண்பாட்டு, ஆன்மிக, அறிவுச் சொத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை அந்தச் சமூகத்துக்கு உண்டு. ஒப்புதல் பெற்று ஒரு பதிவை வெளியிடும்போதும் பாடியவரின் பெயரை அவர் விரும்பும் வகையில் குறிப்பிட வேண்டும். எந்த ஊரில், எந்த நிகழ்வில் பாடப்பட்டது என்பதையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.