பெர்லினுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிஸையும் வியன்னாவையும் பார்த்த கண்ணோடு பெர்லினில் இறங்குவதுதான் முதல் தவறு. ரயில் பாலங்களுக்கு அடியில் கிறுக்கல்கள், நூறு வருடக் கட்டடத்தை ஒட்டிப் பெட்டிபோல ஒரு அடுக்குமாடி, நடுநடுவே காலி மனைகள். முதல் இரண்டு நாள் எனக்கு ஊர் பிடிக்கவே இல்லை. மூன்றாம் நாள் பெர்னவர் தெருவுக்குப் போனபோதுதான் அந்தக் காலி மனைகள் ஏன் காலியாக இருக்கின்றன என்று விளங்கியது. சில இடங்களில் போரில் குண்டு விழுந்திருக்கிறது. சில இடங்களில், ஊரைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரித்த பெர்லின் சுவர் நின்றிருக்கிறது. அதற்கப்புறம் ஒவ்வொரு வெற்றிடத்திலும் நின்று பார்க்க ஆரம்பித்தேன். அப்படித்தான் ஊர் பிடித்துப்போனது.

சுவரைப் பார்க்கவேண்டும் என்று எல்லாரும், அந்தக் காலத்தில் எல்லைச் சாவடியாக இருந்த செக்பாயின்ட் சார்லிக்குத்தான் ஓடுகிறார்கள். அங்கே அரை நாளைச் செலவழிக்காதீர்கள். தெரு நடுவே நிற்கும் காவல் கூண்டு பிற்காலத்தில் செய்துவைத்த நகல். கடைசிவரை அங்கே இருந்த அசல் கூண்டு டாலெம் பகுதியில் உள்ள நேச நாடுகள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஈஸ்ட் சைடு கேலரி எனப்படும் 1.3 கிலோமீட்டர் ஓவியச் சுவருக்குப் போகலாம், நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தப் படங்களைப் பிரிவினைக் காலத்தவை என்று நினைத்துவிடக் கூடாது. சுவர் திறந்த பிறகு, 1990இல் வரைந்தவை அவை. படங்கள் இருப்பது கிழக்கைப் பார்த்த பக்கம். அந்தப் பக்கத்தில் தூரிகையோடு நிற்க முன்பு யாருக்கும் வழியில்லை.

பெர்னவர் தெருவுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். 1961 ஆகஸ்ட் 13 அன்று கிழக்கு ஜெர்மனி எல்லையை அடைத்தபோது, இந்தத் தெருவின் ஒரு பக்கத்து வீடுகள் கிழக்கு பெர்லினில் இருந்தன; அந்த வீடுகளின் வாசலில் இருந்த நடைபாதையோ மேற்கு பெர்லினைச் சேர்ந்தது. வாசல் கதவுகளை அடைத்ததும் ஜனங்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். ஆகஸ்ட் 22 அன்று ஈடா சீக்மன் என்ற பெண் மூன்றாம் மாடியிலிருந்து குதித்து இறந்தார். மறுநாள் அவருக்கு 59ஆவது பிறந்தநாள். சுவரால் உயிரிழந்தவர்களில் முதலாவதாக அறியப்படுபவர் அவர்தான். அப்புறம் ஜன்னல்களையும் செங்கல் வைத்து அடைத்தார்கள்.

அதே தெருவில் இரண்டு சுவர்களுக்கு இடைப்பட்ட காவல் பட்டையில் ஒரு தேவாலயம் சிக்கிக்கொண்டு நின்றது. 1985இல் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இப்போது அதே இடத்தில் மண்ணை இடித்து இறுக்கிக் கட்டிய சின்ன ஆலயம் ஒன்று இருக்கிறது. பழைய கோயிலின் இடிபாட்டுத் துண்டுகளை அந்த மண்ணிலேயே கலந்திருக்கிறார்கள். சுவரை உற்றுப் பார்த்தால் கண்ணில் படும். வெளியே கோதுமைபோன்ற ரை தானியம் விதைத்த வயல். தப்பி ஓடுகிறவர்களைச் சுட்டுக்கொல்வதற்காகவே வெறிச்சென்று வைத்திருந்த நிலத்தில் கதிர் ஆடுவதைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. இத்தனைக்கும் நுழைவுக் கட்டணம் எதுவும் கிடையாது.

பிராண்டன்பர்க் வாயிலுக்குப் பக்கத்தில், கொல்லப்பட்ட ஐரோப்பிய யூதர்களுக்கான நினைவிடத்தில் நடக்கும் தவறுதான் என்னை மிகவும் வருத்தியது. 2005இல் திறந்த அந்தத் திடலில் 2,711 கான்கிரீட் பாளங்கள் இருக்கின்றன. ஒன்றிலும் பெயர் கிடையாது. அதனால் அது என்ன என்றே தெரியாமல் பாளத்துக்குப் பாளம் தாவுகிறார்கள், மேலே ஏறிச் சிரித்தபடி படம் எடுக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஓரத்தில் பாளங்கள் முழங்காலுக்கும் கீழே இருக்கும். உள்ளே போகப் போகத் தரை பள்ளமாகும், பாளங்கள் தலைக்கு மேல் உயரும், தெருச் சத்தம் அமுங்கிப்போகும், கூட வந்தவர் சட்டென்று கண்ணில் படமாட்டார். தனியாக ஒருமுறை நடந்துவிட்டு, கீழே உள்ள தகவல் மையத்துக்கும் போங்கள். பெயர்களும் குடும்பங்களின் கதைகளும் அங்கேதான் இருக்கின்றன.

தெருவில் நடக்கும்போது காலடியையும் பாருங்கள். வீட்டு வாசல்களில் பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் பித்தளைக் கற்கள் பதித்திருக்கும். அந்த வீட்டிலிருந்து நாஜிகள் இழுத்துப்போனவரின் பெயர், பிறந்த ஆண்டு, என்ன ஆனார் என்பது அதில் இருக்கும். குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் தொடங்கிய வேலை இது.

அடுத்தது, தங்கும் இடம். "ஊர் நடுவில் அறை வேண்டும்" என்று தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். ஊர் இரண்டாகக் கிடந்ததால் மேற்கே விலங்குக்காட்சிசாலை ரயில் நிலையத்தைச் சுற்றி ஒரு நடு, கிழக்கே அலெக்சாண்டர் பிளாட்ஸைச் சுற்றி இன்னொரு நடு. விலங்குக்காட்சிசாலையே இரண்டு! பரப்பளவு 891 சதுர கிலோமீட்டர்; பாரிஸ் நகரைப்போல எட்டு மடங்குக்கும் மேல். அதனால் எஸ்-பான் (நகர ரயில்) அல்லது யூ-பான் (மெட்ரோ ரயில்) நிலையம் பக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். நாளுக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிலையங்களில் தடுப்புக் கதவு இருக்காது. யாரும் கேட்கமாட்டார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். சாதாரண உடையில் பரிசோதகர்கள் ஏறுவார்கள், அபராதம் 60 யூரோ. கையில் டிக்கெட் இருந்தும், நடைமேடையில் உள்ள சின்ன இயந்திரத்தில் முத்திரை குத்தாமல் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. ஒற்றைப் பயண டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும், ஆனால் ஒரே திசையில்தான். திரும்பி வர வேறு வாங்கவேண்டும். கட்டணத்துக்காக ஏ, பி, சி என்று மூன்று மண்டலங்கள் வைத்திருக்கிறார்கள். விமான நிலையமும் பக்கத்து ஊரான போட்ஸ்டாமும் சி மண்டலத்தில் இருக்கின்றன, ஏ, பி இரண்டுக்கும் மட்டுமான ஏபி டிக்கெட் போதாது.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே அரிசி, பால் வாங்கிவையுங்கள்; மறந்துவிட்டால் தலைமை ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் கைகொடுக்கும். சின்ன உணவகங்களில் கார்டு வாங்காமல் போகலாம், கொஞ்சம் ரொக்கம் வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் பிடிப்பார்கள், கடை இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். சைக்கிள் பாதையில் நின்று வரைபடம் பார்க்காதீர்கள். வேகமாக வருவார்கள், மணியடிப்பார்கள், ஒதுங்கமாட்டார்கள்.

நாடாளுமன்றக் கட்டடத்தின் கண்ணாடிக் குவிமாடத்துக்கு அனுமதி இலவசம். ஆனால் முன்கூட்டியே பதிவு செய்து, பாஸ்போர்ட்டோடு போகவேண்டும். பெர்கமோன் அருங்காட்சியகத்தைச் சீரமைப்புக்காக 2023 அக்டோபரில் முழுவதுமாக மூடினார்கள். அதற்காகவே போகிறீர்கள் என்றால் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாலையாவது டெம்பல்ஹோஃப் என்ற பழைய விமான நிலையத்துக்கு வையுங்கள். 1948-49 சோவியத் முற்றுகையின்போது மேற்கு பெர்லினுக்கு உணவும் நிலக்கரியும் விமானத்தில் வந்து இறங்கிய இடங்களில் ஒன்று. 2008இல் விமான நிலையத்தை மூடினார்கள், 2010இல் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள். ஒரு பகுதியில் வீடு கட்டலாமா என்று 2014இல் ஊர் மக்களைக் கேட்டபோது, வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று வாக்களித்தார்கள். இப்போது ஓடுபாதையில் பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள். ஜூன் மாதத்தில் ஒன்பதரை மணிவரை வெளிச்சம் இருக்கும். மரம் இல்லாத வெட்டவெளி, காற்று பலமாக அடிக்கும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.