லேத் பட்டறையில் கூலன்ட்: கலக்குவது முதல் கழிப்பது வரை

திங்கட்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அழுகின முட்டை நாற்றம் அடிக்கிறதா? எலி செத்துக் கிடக்கிறதா என்று மூலை முடுக்கெல்லாம் தேட வேண்டாம். லேத்துக்குக் கீழே இருக்கும் கூலன்ட் தொட்டியைத் திறந்து பாருங்கள். கூலன்ட் என்பது இரும்பைக் கடையும்போது சூடு தணிய மேலே பாய்ச்சும் திரவம். கோவை கணபதியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அரை நாள் எலி தேடியவன் என்ற அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒன்றிரண்டு மெஷின் போட்டுப் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கான பதிவு இது. கூலன்ட் ஆயில் என்று டின்னில் வருவது பெரும்பாலும் மினரல் ஆயில், அதாவது பெட்ரோலியச் சரக்கு. அதைத் தண்ணீரோடு சேர வைக்கும் சோப்பு வகை, துருத் தடுப்பான், கிருமிக்கொல்லி எல்லாம் கூடவே இருக்கும். தண்ணீரில் விட்டால் பால் மாதிரி ஆகிவிடும். பார்க்கப் பால் மாதிரி இருப்பதால்தான் சாக்கடையில் ஊற்ற யாருக்கும் கை கூசுவதில்லை.

1. டிரம்மை வைக்கும் இடம்

கூரைக்குக் கீழே, வெயில் படாமல் வையுங்கள். வெளியே நிமிர்த்தி வைத்த 210 லிட்டர் டிரம்மின் தலையில் மழைத் தண்ணீர் தேங்கும். பகலில் சூடாகி உள்ளே இருக்கும் காற்று வெளியேறும். இரவு குளிர்ந்ததும் டிரம் மூச்சை உள்ளே இழுக்கும். இறுக்கி மூடிய மூடி வழியாகவும் அந்தத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும். வேறு இடமே இல்லை என்றால் படுக்க வையுங்கள். இரண்டு மூடிகளும் கடிகாரத்தின் 3, 9 மணி இடங்களில் இருக்கட்டும். அப்போது உள்ளே இருக்கும் ஆயில் இரண்டையும் நனைத்துக்கொண்டிருக்கும், காற்று இழுக்காது. கீழே ஒரு தகரத் தட்டு, பக்கத்தில் ஒரு சாக்கு மரத்தூள். அவ்வளவு போதும்.

2. கலக்குவது

முதலில் தண்ணீர், அப்புறம்தான் ஆயில். மாற்றிச் செய்தால் கெட்டித் தயிர் போலக் கட்டி கட்டியாக நிற்கும், எவ்வளவு கலக்கினாலும் சேராது. பொதுவான வேலைக்கு 5 சதவீதம்: பெயின்ட் வாளியில் 19 லிட்டர் தண்ணீர் எடுத்து, கலக்கிக்கொண்டே 1 லிட்டர் ஆயிலை மெல்ல ஊற்றுங்கள். டின்னில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் கணக்கு.

தண்ணீரும் முக்கியம். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காதது போலவே, கடினமான போர் தண்ணீரில் இந்த ஆயிலும் சரியாகச் சேராது. மேலே ஆடை மாதிரி மிதக்கும். சிறுவாணித் தண்ணீர் வரும் பட்டறைக்காரர் கொடுத்து வைத்தவர்.

துரு பிடிக்கிறதே என்று சோடியம் நைட்ரைட்டைத் தொட்டியில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். கூலன்ட்டில் இருக்கும் அமீன்களோடு அது சேர்ந்தால் நைட்ரோசமீன் உண்டாகும்; அது புற்றுநோய்ச் சமாச்சாரம்.

3. கை, துணி, மூச்சு

நம் ஊரைத் தென்னிந்திய மான்செஸ்டர் என்கிறோம். அசல் மான்செஸ்டர் பக்கத்து நூற்பாலைகளில் ஆயில் தெறித்து ஊறிய கால்சட்டையோடே காலமெல்லாம் வேலை பார்த்தவர்களுக்கு விதைப்பை தோலில் புற்றுநோய் வந்தது. 1920-களிலேயே மருத்துவர்கள் இதை எழுதிவிட்டார்கள். இன்றைய ஆயில் நன்றாகச் சுத்திகரித்தது, அந்த அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் ஆயில் துணியைப் பேன்ட் பாக்கெட்டில் சொருகும் பழக்கத்தை விடுங்கள். நனைந்த உடுப்பை அன்றன்றே மாற்றுங்கள்.

கையைப் பெட்ரோலிலோ தின்னரிலோ கழுவாதீர்கள். எண்ணெய்ப் பசை போய்த் தோலில் வெடிப்பு விழும், பிறகு கூலன்ட் பட்டாலே அரிக்கும். சோப்பும் தண்ணீரும் போதும். இன்னொன்று, கையுறை போட்டுக்கொண்டு, இரும்பைக் கவ்விப் பிடித்துச் சுற்றுகிற சக் பக்கம் போகாதீர்கள். துணியோடு விரலையும் இழுத்துவிடும். கையுறை டிரம்மைத் தூக்கவும் தொட்டியைக் கழுவவும் மட்டும்.

4. தொட்டியைக் காப்பது

அந்த முட்டை நாற்றத்துக்கு வருகிறேன். லேத்தின் பெட்டுக்கு, அதாவது அடிப்பாகத் தண்டவாளத்துக்கு, வழுக்க விடும் ஆயில் ஒழுகி வந்து கூலன்ட் மேல் கருப்பாகப் படர்கிறது. ஞாயிற்றுக்கிழமை பம்ப் ஓடாது. மேலே மூடிபோல் ஆயில், கீழே காற்றில்லாத தண்ணீர். காற்று இல்லாமலே வாழும் பாக்டீரியாவுக்குக் கல்யாண விருந்துதான். அது விடும் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் அந்த வாடை. பொங்கலுக்கு நாலு நாள் பூட்டித் திறந்து பாருங்கள், தெரியும். அந்த மாதிரி நாளில் கதவு ஜன்னலைத் திறந்து காற்றாட விட்டுவிட்டு அப்புறம் பம்ப்பைப் போடுங்கள்.

பினாயில் ஊற்றி வாடையை மறைப்பதில் பயனில்லை. சனிக்கிழமை மாலை, பம்ப் நின்று அரை மணி கழித்து, மேலே மிதக்கும் ஆயிலை வழித்தெடுங்கள். ஒரு தகரத் துண்டும் ஒரு குவளையும் போதும். வசதி இருந்தால், மிதக்கும் ஆயிலைப் பட்டையில் ஒட்டவைத்துத் தானே வழித்தெடுக்கும் பெல்ட் ஸ்கிம்மர் மாட்டலாம். டீ மிச்சம், பீடித் துண்டு, வெற்றிலை எச்சில் எதுவும் தொட்டிக்குள் போகக்கூடாது. எங்கள் தொட்டியில் ஒருமுறை பாதி வடை மிதந்தது.

வாரம் ஒருமுறை, அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள். 9-ஐ ஒட்டி இருந்தால் நல்லது, 8.5-க்குக் கீழே இறங்கினால் கெட்டுக்கொண்டிருக்கிறது. வற்றுவது பெரும்பாலும் தண்ணீர்தான். அதனால் குறைந்ததை ஈடுகட்ட 1 அல்லது 2 சதவீத நீர்த்த கலவையை ஊற்றுங்கள், வெறும் தண்ணீரை அல்ல. கலவையில் எத்தனை சதவீதம் ஆயில் என்று பார்க்க, ஒரு சொட்டு விட்டு ஒளியில் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

5. கழிப்பது

ஒரு கணக்குப் போடுவோம். 5 சதவீதக் கலவை ஒரு லிட்டரில் 50 மில்லி ஆயில் சரக்கு. அதில் பாதிதான் மினரல் ஆயில் என்று குறைத்து வைத்தாலும் 20 கிராமுக்கு மேல், அதாவது 20,000 மில்லிகிராம். நீர்நிலையில் விடும் கழிவுநீரில் எண்ணெயும் கிரீஸும் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. ஒரு லிட்டர் கூலன்ட்டுக்கு 2,000 லிட்டர் தண்ணீர் சேர்த்தால்தான் அந்த அளவுக்கே வரும். ஒரு வாளி ஊற்றிவிட்டுக் குழாயைத் திறந்து விட்டால் சரியாகிவிடும் என்பது நம்மை நாமே ஏமாற்றுவது. சாக்கடை போய்ச் சேரும் இடம் குளம், அப்புறம் நொய்யல்.

ஆகவே மூன்றாகப் பிரியுங்கள். வழித்தெடுத்த ஆயில் ஒரு டிரம்மில். அதில் கூலன்ட் கலக்காதீர்கள், கலந்தால் மறுசுத்திகரிப்புக்கு ஆகாது. கெட்டுப்போன கூலன்ட்டும் அடிச் சேறும் இன்னொன்றில். ஈர இரும்புச் சுருளை ஓட்டைத் தட்டில் ஒரு ராத்திரி வடிய விடுங்கள். வடிந்தது தொட்டிக்கே திரும்பும், பழைய இரும்பு வாங்க வருகிறவரின் வண்டியும் ரோடெல்லாம் சொட்டாது.

2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பயன்படுத்திய ஆயிலும் ஆயில் கலந்த கழிவும் அபாயகரக் கழிவு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும்; பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. டிரம்மில் என்ன இருக்கிறது, என்றைக்கு நிரம்பியது என்று எழுதி ஒட்டுங்கள். எடுத்துப் போகும்போது, கழிவு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று பதியும் படிவம் 10-இன் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதிக விலை தருகிறேன் என்று படிவம் இல்லாமல் வருகிறவர் அதை எங்கே எரிக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. ஆசிட் ஊற்றி ஆயிலைப் பிரிக்கும் வீடியோக்களைப் பார்த்து இறங்கிவிடாதீர்கள். பிரிந்த தண்ணீரையும் சுத்திகரிக்காமல் விட முடியாது.

காலியான தொட்டியைச் சுரண்டி, கழுவி, கழுவிய தண்ணீரையும் கழிவு டிரம்மிலேயே சேர்த்துவிட்டுப் புதுக் கலவை ஊற்றுங்கள். ஊற்றிய தேதியைத் தொட்டியின் பக்கவாட்டில் பெயின்ட் மார்க்கரால் எழுதிவையுங்கள். எங்கள் தொட்டியில் இப்போது இருக்கும் தேதிக்கு ஏழு மாதம் ஆகிறது. போன திங்கட்கிழமையும் வாடை இல்லை.